சோடா வண்டியின் பகல் விளக்கு

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் என் வீட்டுக்காரர் பட்டாளத்து வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டின் பின்கட்டில் வாயு அடைக்கிற இயந்திரம் ஒன்று, பாட்டில் கழுவுகிற தொட்டி, கோலிக்குண்டு போட்ட பாட்டில்களை அடுக்க மரப்பெட்டிகள், அவ்வளவுதான். அதுவரை சரக்கு மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தது. முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர் என்று ஒவ்வொரு கடையாக நின்று காயல்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் மாடும் களைத்துவிடும், வெயிலில் சோடாவும் வெந்நீராகிவிடும்.

வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு நீண்டு, கதவு இல்லாமல், உடம்பெல்லாம் புழுதி நிறத்தில் இருந்தது.

"என்ன இது, உழுது போட்ட காடு மாதிரி இருக்கு?" என்றேன்.

"எதிரி கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு அடிச்ச பெயிண்டுளா அது!" என்று அவர் பெருமையாக அதன் வயிற்றில் தட்டிக் காட்டினார்.

எதிரி கண்ணுக்கு மட்டுமில்லை, யார் கண்ணுக்குமே அது தெரியவில்லை. முதல் வாரத்திலேயே ஓர் ஆடு வந்து முட்டியது. பிறகு ஒரு கைவண்டிக்காரர் நின்றிருந்த வண்டியின் மேலேயே தன் கைவண்டியை ஏற்றினார். "இங்கன வண்டி நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று எங்களிடமே கோபப்பட்டார்.

வண்டியோடு வந்த இன்னொரு குறை, முன்விளக்கின் சுவிட்ச் உடைந்திருந்தது. பட்டறைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இது பட்டாளத்துச் சுவிட்ச். நம்ம ஊர்ல எங்க கெடைக்கும்? மதுரைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதுவரைக்கும் வயர நேரா சாவியோட சேத்து வச்சிருக்கேன். எஞ்சின் ஓடுனா லைட்டு எரியும், நின்னா நின்னுரும்."

"பகல்லயுமா?"

"பகல்ல எரிஞ்சா யாருக்குத் தெரியப் போவுது?"

பட்டறைக்காரர் தன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய தப்பு எதுவும் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் ஊர் விளக்கைப் பார்த்த பார்வையே வேறு. துறைமுகப் பட்டணம் என்பதால் சண்டை நடந்த வருஷங்களில், விமானம் வந்து குண்டு போடும் என்று பிளாக்அவுட் கெடுபிடி. கார் விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, கீற்று வெளிச்சம் மட்டும் தரையில் விழும்படி ஓட்டினார்கள். ஜன்னலில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் தெருவிலிருந்து அதட்டல் வரும். அந்தப் பழக்கத்திலிருந்து ஜனங்கள் அப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள். பெட்ரோலோ இன்னமும் கூப்பனுக்குத்தான். அப்படிப்பட்ட ஊரில் உச்சி வெயிலில் இரண்டு விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு ஒரு வண்டி போனால் எப்படி இருக்கும்? அதுவும் அந்த விளக்குகள் ஒழுங்காகவா பார்த்தன? ஒன்று பனைமரத்து உச்சியைப் பார்த்தது, மற்றது வழியோரத்தில் எதையோ தொலைத்த மாதிரி தரையைத் தேடியது.

நான் எப்படி அந்த வண்டியில் ஏறினேன் என்று சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் கல்யாணச் சோடாவுக்கு ஆர்டர் கொடுப்பது வீட்டுப் பெண்கள். ஆண்கள் போய்க் கேட்டால் வாசலோடு சரி. அங்கே வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடமாடும் முடுக்குகள் உண்டு. அந்தச் சந்துகள் வழியாகப் போய் ஆர்டர் கேட்கவும், காலிப் பாட்டில்களைத் திரும்ப வாங்கவும் ஒரு பெண்பிள்ளை வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்த எனக்கும் வீட்டில் பாட்டில் கழுவிக் கழுவி அலுத்துப் போயிருந்தது. "நானும் வாரேன்" என்றேன். மாமியார் முகத்தைச் சுளித்தார், ஆனால் வியாபாரம் என்றதும் பேசாமல் இருந்துவிட்டார்.

முதல் நாளே முள்ளக்காட்டு டீக்கடையில் வேடிக்கை நடந்தது. நாங்கள் தொலைவில் வரும்போதே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வண்டியருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு தவறுனது, தாயி?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. பகலில் விளக்கு ஏற்றி வைப்பது எங்கள் பக்கத்தில் செத்தவர் தலைமாட்டில். விளக்கோடு ஒரு வண்டி பகலில் வருகிறது என்றால் உள்ளே பிணம் இருக்கத்தானே வேண்டும்?

"யாரும் இல்ல அய்யா. சோடா" என்றேன்.

பெரியவர் எட்டிப் பின்னால் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்த பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பழையகாயலில் மீன் கூடையோடு போன பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு விளக்கையும் சாக்குத் துணியால் கட்டி மூடினார். ஆத்தூர்ப் பாலத்துக் காற்றில் ஒரு சாக்கு அவிழ்ந்து வந்து வண்டியின் முன்கண்ணாடியை முழுசாக மூடிக்கொண்டது. பாலத்தின் நடுவே கண்ணைக் கட்டினாற்போல் வண்டி நின்றது. அதோடு சாக்கு யோசனை முடிந்தது. பல்பைக் கழற்றலாம் என்றால் விளக்குக் கண்ணாடி வளையத்தின் திருகாணிகள் துருவேறி, தொட்டால் முறிந்துவிடும் போல இருந்தன.

சில நாளில் பிண வண்டி இல்லை என்று ஊர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு வந்தது பரோபகாரம். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் எங்களுக்கு உதவி செய்யாமல் விடுவதில்லை. விரல்களை விரித்து விரித்து மூடிக் காட்டுவார்கள். "லைட்டு! லைட்டு!" என்று கூவுவார்கள். வண்டிக்காரர்கள் சாட்டையால் சுட்டுவார்கள். பனையில் ஏறியிருந்த ஒருவர் மேலே இருந்தபடியே, "ஏ சோடா! வெளக்க அமத்து, பெட்ரோலு போவுது!" என்று சத்தம் போட்டார். என் வீட்டுக்காரர் முதல் ஒரு வாரம் எல்லாருக்கும் பதில் சொன்னார். பிறகு தொண்டை கட்டிவிட்டது. அந்த வேலை எனக்கு வந்தது. இடப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வழி முழுவதும், "தெரியும் அண்ணாச்சி! தெரியும் அய்யா! தெரியும் அக்கா!" என்று சொல்லிக்கொண்டே போவேன்.

ஒரு நாள் ஆத்தூரில் புதிதாக வந்திருந்த போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ராத்திரி லைட்டு போடலன்னா கேசு. அது தெரியும். பகல்ல போட்டா என்ன கேசு?" என்று கேட்டார்.

"அது எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கும்தான் தெரியல. ஏட்டையாட்ட கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் இங்கனயே நில்லுங்க."

ஏட்டையா சாப்பாட்டுக்குப் போயிருந்தார். போலீஸ்காரர் எங்கள் வண்டி நிழலில் நின்று ஒரு சோடாவைக் குடித்தார். அவருக்கும் யோசனையாகத்தான் இருந்தது. "எதிர்ல வாறவன் கண்ணு கூசும்னு எழுதலாம்" என்றார். எஞ்சினை ஓடவிடச் சொல்லி, வண்டிக்கு முன்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆத்தூர் வெயிலுக்கு முன்னால் எங்கள் விளக்கு எம்மாத்திரம்? "கூசலயே" என்று ஏமாற்றத்தோடு திரும்பி வந்தார். ஏட்டையா வந்து, சட்டத்தில் அப்படி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு சோடா குடித்தார்.

இதற்குள் எனக்கும் அவருக்கும் கருத்து இரண்டாகிவிட்டது. எனக்கு அந்த விளக்கு பிடித்துப்போயிற்று. உப்பளங்களுக்கு நடுவே போகிற சாலையில் பகலில் கானல் அலையடிக்கும். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் பளீரென்று வெயிலைத் திருப்பி அடிக்கும். அதற்கு நடுவே புழுதி நிறத்தில் ஒரு வண்டி வந்தால் கிட்டத்தில் வரும்வரை தெரியாது. விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு ஆடு முட்டவில்லை, கைவண்டி ஏறவில்லை. காயல்பட்டினத்தில் எங்களுக்கு வழக்கமாக ஆர்டர் கொடுக்கும் அம்மாளும் என் கட்சி.

"கண்ணத் தொறந்துக்கிட்டு வாற வண்டி நல்லதுதானே மவளே? தெரு முக்குல திரும்பும்போதே பிள்ளைங்க பாத்துட்டு ஒதுங்கிருதுவ. மத்த வண்டியெல்லாம் வந்து நின்ன பொறவுல்ல தெரியுது" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஊரே நம்மள வேடிக்கை பாக்குது. வேடிக்கை பாக்குதவன் ரோட்டப் பாப்பானா?" என்பார்.

அவர் சொன்னதற்கு ஒரு நாள் சாட்சி கிடைத்தது. முக்காணிக்குச் சற்று முன்னால் உப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்று சாலையை ஒட்டியே போகும். எதிரே புன்னைக்காயல்காரர் ஒருவர் சைக்கிளில் மீன் கூடையோடு வந்தார். நல்ல உடற்கட்டு, வாயில் பாட்டு. எங்களைக் கண்டதும் பாட்டு நின்றது. ஒரு கையைத் தூக்கி விரலை விரித்து விரித்து மூடினார். நான் தலையை ஆட்டினேன். அவருக்கு அது போதவில்லை. எங்களைக் கடந்த பிறகும் திரும்பிப் பார்த்தபடி, "அண்ணாச்சி! லைட்டு எரியுது! அண்ணாச்சி!" என்று கூவிக்கொண்டே போனார். திடீரென்று கூவல் நின்றது. தொப்பென்று ஒரு சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தால் மனிதர் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் கரையில் கிடந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சாளை மீன்கள் நாலா பக்கமும் மிதந்தன. அந்த நிலையிலும் அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார்.

"லைட்டு எரியுதுன்னு சொல்லத்தான் வந்தேன்."

"எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மீன்காரர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. விழுந்தபோது வராத வேதனை அப்போதுதான் வந்தது.

"தெரிஞ்சேவா எரியவிட்டுட்டு வாரிய?"

மூவரும் இறங்கி மீனைப் பொறுக்கினோம். என் சேலை முழங்கால்வரை உப்பாகிவிட்டது. மீனைக் கழுவ வேறு தண்ணீர் இல்லாமல் சோடாவை உடைத்துக் கழுவினோம். "உப்பும் போட்டாச்சு, சோடாவும் ஊத்தியாச்சு. இத நான் மீனுன்னு விக்கவா, கருவாடுன்னு விக்கவா?" என்று அவரே சிரித்தார். போகும்போது என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். நான் உப்புச் சேலையைப் பிழிந்தேன்.

ஆனி மாதம் மேல்காற்று தொடங்கியது. அந்தக் காற்று தேரிக்காட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து சாலையில் கொட்டும். ஒரு நாள் முற்பகல் ஆத்தூரைத் தாண்டி ஆறுமுகநேரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சட்டென்று எதிரே சிவப்பாக ஒரு திரை எழுந்தது. கண் திறக்க முடியவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் வேகத்தைக் குறைத்து, சாலையின் ஓரம் எது என்று தெரியாமல் தட்டுத் தடுமாறி ஓட்டினார். எதிரே, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் கரி பஸ்ஸின் சத்தம் கேட்டது. அந்த பஸ்ஸுக்கு விளக்கு இருந்ததோ இல்லையோ, எரியவில்லை. அது எங்கே வருகிறது என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பிறகு ஒரு கிறீச்சலும், மரம் முறிகிற சத்தமும், மாடு கத்துகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. எங்கள் மேல் எதுவும் மோதவில்லை.

இறங்கிப் புழுதிக்குள் நடந்தோம். பஸ் அதன் இடப் பக்கத்து ஓரத்தில் நின்றிருந்தது. அதன் மூக்குக்கு முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி. பின்பலகை முறிந்து, மூட்டைகள் சரிந்து, ஒரு காளை படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்றது. நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. கரி பஸ் ஓடினாலும் நடந்த மாதிரிதானே. டிரைவர் ஓடி வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க லைட்டு மட்டும் இல்லன்னா நேருக்கு நேரா மோதியிருப்போம் அண்ணாச்சி! ரெண்டு மஞ்சக் கண்ணு தெரிஞ்சுது, அதப் பாத்துத்தான் ஓரமா ஒடிச்சேன். பஸ்ல இருக்க அத்தன பேரையும் நீங்கதான் காப்பாத்துனிய."

என் வீட்டுக்காரர் மெல்ல நெஞ்சை நிமிர்த்தினார். விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தவர், அதைத் தானே பிறந்த நாள் முதல் வளர்த்தவர் மாதிரி பார்த்தார். ஆனால் அதற்குள் மாட்டுவண்டிக்காரர் தலைப்பாகையை உதறிக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்த லைட்டாலதான்லே என்ன இடிச்ச!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "நான் ஒனக்கு முன்னால போய்க்கிட்டிருக்கேன். ஒன் கண்ணு பூராவும் அங்கன எரியுற முட்டக்கண்ணுல இருந்தா இங்கன இருக்க நான் எப்படித் தெரிவேன்? வெளக்கு வச்சவன் பொழச்சான், வெளக்கு இல்லாதவன் செத்தானா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் டிரைவர் பக்கம், பாதிப் பேர் வண்டிக்காரர் பக்கம். எனக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் என்று தோன்றி, "அப்ப நீங்களும் ஒரு அரிக்கேன் வெளக்கத் தொங்கவிட்டுக்கிட்டா என்ன, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு ஒரு வெளக்கு. என் மாட்டுக்கு ஆளுக்கொண்ணு. சைக்கிள்காரனுக்கு ஒண்ணு. நடந்து போறவன் தலையில ஒண்ணு வச்சுக்கிடணும். அப்பறம் அந்தச் சூரியன் எதுக்குத் தாயி? அவரப் போயி ஒறங்கச் சொல்லுவமா?"

சண்டைக்கு நின்ற கூட்டம் சிரித்துவிட்டது. கடைசியில் வண்டிக்காரருக்கும் கோபம் தணிந்தது. பஸ் ஆட்கள் மூட்டைகளைத் திரும்ப அடுக்கினார்கள். முறிந்த பலகையை எங்கள் கயிற்றால் கட்டினோம். எல்லாருக்கும் சோடா கொடுத்தோம். மாட்டுக்குத் தண்ணீர்தான், அதைக் குடித்த பிறகுதான் படுத்த காளை எழுந்தது. காற்று இன்னும் அடங்காததால் டிரைவர் முந்திப் போகப் பயந்தார். பஸ் மாட்டுவண்டிக்குப் பின்னால், பெண் அழைப்பு ஊர்வலம் மாதிரி, ஆத்தூரை நோக்கி அடிமேல் அடி வைத்துப் போனது.

அன்று திரும்பும் வழியில் எங்கள் கட்சிகள் இடம் மாறிவிட்டன. "லைட்டு நல்லதுக்குத்தாம்ளா எரிஞ்சிருக்கு. இருக்கட்டும், அணைக்க வேண்டாம்" என்றார் அவர். பஸ் முழுவதையும் காப்பாற்றிய சந்தோஷம் அவருக்குக் குறையவில்லை. எனக்கோ அந்தப் படுத்த காளையின் முகம் மறக்கவில்லை. நாங்கள் எல்லாருக்கும் தெரிந்தோம். எங்களால் ஒருவர் தெரியாமல் போனார். "தேவைப்படும்போது போடணும், தேவையில்லாதப்ப அணைக்கணும். சுவிட்ச மாத்துங்க" என்றேன். பட்டறைக்காரரிடம் நானே போய் நின்றேன். பட்டாளத்துச் சுவிட்ச் வராது என்றால் வீட்டுச் சுவிட்சையாவது மாட்டுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். வேறொரு பழைய காரிலிருந்து ஒன்றைக் கழற்றி, வயர் எட்டுகிற இடம் அதுதான் என்று சொல்லி, நான் உட்காரும் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தார்.

விளக்கில்லாமல் போன முதல் நாள் சாலை அமைதியாக இருந்தது. யாரும் கை காட்டவில்லை, யாரும் கூவவில்லை. முள்ளக்காட்டில் டீக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே" என்றார். முக்காணிக்குப் பக்கத்தில் அந்த மீன்காரர் சைக்கிளில் வந்தார். எங்களைக் கண்டதும் கவனமாகக் காலை ஊன்றி நின்றுகொண்டு, "அண்ணாச்சி! லைட்டு எரியல!" என்றார்.

அதன் பிறகு சுவிட்ச் என் பொறுப்பு. புழுதி என்றால் போடுவேன், மழை என்றால் போடுவேன், கானல் மிதமிஞ்சினால் போடுவேன். மாட்டுவண்டி கண்ணில் பட்டால் அணைத்துவிடுவேன், அவர் ஹாரனை அமுக்குவார். இதில் ஒரு நாளாவது இருவரும் ஒத்துப்போனோம் என்று சொல்ல முடியாது. "இப்ப எதுக்குப் போட்ட?" என்பார். "கானலு தெரியலயா?" என்பேன். "கானல் இல்லளா, அது உப்புக் குவியல்." "குவியல் அலையடிக்குமா?" அணைப்பேன். "அணைக்கச் சொன்னேனா?" என்பார். திரும்பப் போடுவேன். எதிரே வருகிறவர்களுக்கு எங்கள் வண்டி கண் சிமிட்டுகிற மாதிரி இருந்திருக்கும்.

ஒரு நாள் இப்படி விளக்கின் நன்மை தீமைகளைப் பேசிக்கொண்டே பழையகாயலையும் தாண்டிவிட்டோம், முக்காணியையும் தாண்டிவிட்டோம். ஆத்தூர் வந்த பிறகுதான் பின்னால் அந்த இரண்டு ஊர்ப் பெட்டிகளும் இறக்கப்படாமல் இருப்பது தெரிந்தது. இரண்டு ஊரிலும் கடைக்காரர்கள் வாசலில் நின்று கையை ஆட்டியிருக்கிறார்கள். லைட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, "தெரியும் அண்ணாச்சி!" என்று சொல்லிவிட்டு நான் வந்திருக்கிறேன்.